ப்ளோரைடு தண்ணின்னு நெனச்ச முதுகுவலி: பெரியம்மாவுக்கு ரெண்டு ஹார்மோன் மருந்து சேர்த்துக் குடுத்த கேஸ்

எங்க பக்கம் யாருக்கு முதுகு வலிச்சாலும் ஒரே காரணம்தான் சொல்லுவாங்க, தண்ணி. பென்னாகரம் சுத்துவட்டாரத்துல போர் தண்ணில ப்ளோரைடு ஜாஸ்தி, லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாதுங்கறது கணக்கு, எங்க ஊர்ல பல போர் அதைத் தாண்டினதுதான். அம்பது வயசுக்கு மேல இருக்கறவங்க சிரிச்சா பல்லுல காவிக்கோடு தெரியும், பின்னாடி யாராவது கூப்பிட்டா கழுத்தைத் திருப்பாம உடம்பையே திருப்புவாங்க. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் 2013ல வந்தப்புறம் நெலமை பரவால்ல, ஆனா அதுக்கு முன்னாடி வருஷக்கணக்கா குடிச்சது எலும்புல ஏறினது ஏறினதுதானே. அதனால 2021 மார்ச்ல எங்க பெரியம்மா போன் பண்ணி "இடுப்பு புடிச்சிக்கிச்சு கண்ணு, குனிஞ்சு புளி பொறுக்க முடியல"ன்னு சொன்னப்ப நானும் தண்ணின்னுதான் நெனச்சேன். இத்தனைக்கும் நான் நர்ஸ். தர்மபுரி டவுன்ல ஒரு சின்ன நர்சிங் ஹோம்ல வேலை.

கேஸ் விவரம்னு ஒழுங்கா எழுதணும்னா இப்படி. பெண், வயசு 61, ரெண்டு பிள்ளைங்க, ரெண்டும் சுகப்பிரசவம், தீட்டு நின்னது 48ல. லேசா பிபி, அதுக்கு ஒரு மாத்திரை, சுகர் இல்ல. குடும்பத்துல யாருக்கும் மார்புப் புற்றுநோய் இருந்ததா தெரியல, தெரியலன்னு மட்டும்தான் சொல்ல முடியும், ஏன்னா எங்க பாட்டி "வயித்துல கட்டி வந்து" போய்ட்டாங்கன்னுதான் வீட்ல பேச்சு, அது என்ன கட்டின்னு யாரும் கேக்கல. ஹார்மோன் மாத்திரை எதுவும் வாழ்க்கைலயே சாப்பிட்டதில்ல. இதை மட்டும் மனசுல வெச்சிக்கோங்க, இந்த கேஸோட முக்காவாசி இதுலதான் நிக்குது. பேரு ஊரு போடல. அவங்ககிட்ட கேட்டுட்டுதான் எழுதறேன், "எழுதிக்கோ, ஆனா என் எடை எவ்ளோன்னு போடாத"ன்னாங்க.

மார்ச்ல பக்கத்துல ஒரு கிளினிக்ல எக்ஸ்ரே எடுத்தாங்க. எலும்பெல்லாம் சாக்பீஸ் மாதிரி வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. ப்ளோரோசிஸ், அதாவது ப்ளோரைடால வர்ற எலும்பு நோய்னு சொல்லி வலி ஊசி, கால்சியம் மாத்திரை, இடுப்புக்கு பெல்ட் குடுத்து அனுப்பிட்டாங்க. அந்த டாக்டரை நான் முழுசா குத்தம் சொல்ல மாட்டேன், அதே பெஞ்சுல அன்னைக்கு உக்காந்திருந்த பத்து பேர்ல ஏழு பேருக்கு அதே எக்ஸ்ரேதான் இருந்திருக்கும், ஆனா ராத்திரில வலி ஜாஸ்தியா, படுத்தா வலிக்குதா, எடை குறைஞ்சிதா, இந்த மூணு கேள்வி கேக்க அரை நிமிஷம் ஆகாது, அதை நானாவது போன்ல கேட்டிருக்கணும், கேக்கல. அப்புறம் மே மாசம் ரெண்டாவது அலை, லாக்டவுன், எனக்கு கோவிட் டியூட்டி, ரெண்டு மாசம் ஊருக்கே போகல.

ஜூலைல போனேன். பெரியம்மாவுக்கு முதுகுல தைலம் தேய்க்க ஜாக்கெட்டை அவுக்கச் சொன்னா முடியாதுன்னு ஒரே அடம். அதட்டித்தான் அவுக்க வெச்சேன். இடது மார்புல மேல்பக்கமா ஒரு கட்டி, எலுமிச்சம்பழம் அளவு, அதுக்கு மேல தோல் உள்ள இழுத்து குழி விழுந்திருக்கு, அக்குள்லயும் கைக்கு தட்டுப்படுது. "எவ்ளோ நாளா இருக்கு பெரிம்மா?"ன்னேன். "போன வருஷம் மாரியம்மன் பண்டிகையப்ப பாத்தேன், வலிக்கல, அதான் விட்டுட்டேன்"னாங்க. வலிச்ச எடத்துக்கு மூணு தடவை டாக்டரைப் பாத்துட்டு வலிக்காத எடத்தை சேலைத் தலைப்புல மூடி வெச்சிருந்திருக்காங்க.

பயாப்சி ரிப்போர்ட் ஆகஸ்ட்ல வந்துச்சு. இன்வேசிவ் டக்டல் கார்சினோமா, அதாவது மார்புப் புற்றுநோய், கிரேடு 2. ஈஆர் (ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர்) 90 சதவீதம் பாசிடிவ், பிஆர் (ப்ரோஜெஸ்டிரோன் ரிசெப்டர்) 60 சதவீதம் பாசிடிவ், ஹெர்2ங்கற புரதம் ஒன் ப்ளஸ், அதாவது நெகடிவ் கணக்கு. பெரியம்மா பையன், எனக்கு அண்ணன் முறை, டாடா ஏஸ் வெச்சு பாலக்கோடு மார்க்கெட்டுக்கு தக்காளி லோடு ஓட்றாரு, பேப்பரைப் பாத்துட்டு "பாசிடிவ்னு ரெண்டு எடத்துல போட்ருக்கே பாப்பா, அது நல்லதா கெட்டதா"ன்னு கேட்டாரு. கோவிட் சமயம் வேற, பாசிடிவ்னாலே எல்லாருக்கும் வயித்தக் கலக்கும். இந்த பாசிடிவ் நல்லதுதான்னு சொன்னேன். அந்த கட்டி ஈஸ்ட்ரோஜனைத் தின்னு வளருதுன்னு அர்த்தம், அப்ப தீனியை நிறுத்தற வழி நம்மகிட்ட இருக்கு.

அடுத்தது எலும்பு. இதுதான் இந்த கேஸ்ல எல்லாரையும் சுத்த விட்டுச்சு. பெங்களூர்ல ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம், சிடில நுரையீரல், கல்லீரல் சுத்தம். போன் ஸ்கேன், அதாவது எலும்பு ஸ்கேன், எடுத்தா முதுகெலும்பு, விலா, இடுப்புன்னு உடம்பு பூரா கறுப்பா ஏறியிருக்கு. ரிப்போர்ட் எழுதற டாக்டர் வெளிய வந்து கேட்ட முதல் கேள்வி, "நீங்க எந்த ஊரு?" தர்மபுரின்னதும் முழங்கைக்குக் கீழ ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டு வரச் சொன்னாரு. முன்கைல ரெண்டு எலும்புக்கும் நடுவுல இருக்கற சவ்வு சுண்ணாம்பு ஏறி முள்ளு முள்ளா நிக்குது, அது ப்ளோரோசிஸோட கையெழுத்து மாதிரி. ஸ்கேன்ல ப்ளோரோசிஸ் எலும்பும் கறுப்பா ஏறும், கேன்சர் பரவின எலும்பும் கறுப்பா ஏறும், ரத்தத்துல ஏஎல்பிங்கற என்சைமும் ரெண்டுலயும் ஏறும். அப்ப எது எது?

இது சும்மா புத்தகச் சந்தேகம் இல்ல, எலும்புல பரவலைன்னா மூணாவது ஸ்டேஜ், கீமோ ஆபரேஷன் ரேடியேஷன்னு குணமாக்கப் போற வழி, பரவியிருந்தா நாலாவது ஸ்டேஜ், அது வேற வழி, வேற மருந்து, வேற பேச்சு. எம்ஆர்ஐல இடுப்பு முதுகெலும்புல ரெண்டாவதும் நாலாவதும், வலது இடுப்பெலும்புல ஒரு எடமும் மத்ததை விட வித்தியாசமா தெரிஞ்சுது. அதுலயும் சந்தேகமா விடாம டாக்டர் இடுப்பெலும்புல ஊசி போட்டு பயாப்சியே எடுத்துட்டாரு. எலும்பு அவ்ளோ கெட்டி, ஊசி எறங்கவே இல்ல, ரெண்டாவது தடவைதான் சதை வந்துச்சு. செப்டம்பர் ரெண்டாவது வாரம் ரிசல்ட்: மார்புலேர்ந்து பரவினதுதான், அதுலயும் ஈஆர் பாசிடிவ். ஆக எலும்பு தண்ணியாலயும் கெட்டிருந்துச்சு, கேன்சராலயும் கெட்டிருந்துச்சு. மார்ச்ல சொன்னது பொய் இல்ல, பாதி.

வீட்ல எல்லாரும் ரெண்டே கேள்விதான். கட்டியை அறுத்து எடுத்துட்டா என்ன? கீமோ ஏன் குடுக்கல? முதல் கேள்விக்கு நம்ம நாட்டு ஆய்வே இருக்கு, மும்பை டாடா மெமோரியல்ல 350 பேரை வெச்சுப் பண்ணி 2015ல வெளியிட்டாங்க, ஏற்கனவே பரவிட்ட நெலமைல மார்புக் கட்டியை ஆபரேஷன் பண்ணி எடுத்ததால ஆயுள் கூடல. ரெண்டாவதுக்கு டாக்டர் சொன்னது, கல்லீரல் நுரையீரல்னு உள்ளுறுப்பு தடாலடியா கெட்டுப்போற நெலமை இல்ல, ஈஆர் இவ்ளோ தூக்கலா இருக்கு, இந்த மாதிரி ஆளுக்கு முதல்ல ஹார்மோன் வழி, அதாவது ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கற மருந்துதான். மாமா ஒருத்தர் மட்டும் "முடி கொட்டாத வைத்தியம் என்ன வைத்தியம்"ன்னு கடைசி வரைக்கும் ஒத்துக்கல.

ஹார்மோன் வழின்னா மூணு ரோடு காட்டினாரு. லெட்ரோசோல் மாத்திரை மட்டும். லெட்ரோசோலோட பால்போசிக்ளிப், அது கேன்சர் செல் பெருகறதைத் தடுக்கற மருந்து. இல்லன்னா அனஸ்ட்ரோசோல் மாத்திரையோட ஃபுல்வெஸ்ட்ரன்ட் ஊசி. நடுவுல சொன்னதுதான் முதல் சாய்ஸ்னு மறைக்காம சொல்லிட்டாரு, பலோமா-2 ஆய்வுல 666 பேர், லெட்ரோசோல் மட்டும் சாப்பிட்டவங்களுக்கு நோய் பாதி பேருக்கு அடங்கியிருந்தது 14.5 மாசம், பால்போசிக்ளிப் சேர்த்தவங்களுக்கு 24.8 மாசம். ஆனா 2021ல அந்த மருந்துக்கு பேடண்ட் இருந்துச்சு, மாசச் செலவைக் கேட்டதும் அண்ணன் ஒண்ணும் பேசல, வெளிய போய் டீ குடிச்சிட்டு வந்தாரு. வண்டித் தவணையை விட பல மடங்கு. நெலத்தை வித்துடலாம்னு ஆரம்பிச்சாரு, பெரியம்மா "நான் செத்தாலும் அந்த புளியமரம் நிக்கணும்"னு முடிச்சிட்டாங்க.

அப்ப மிச்சம் இருக்கறது ஒரு மருந்தா, ரெண்டு சேர்த்தாங்கறதுதான். இங்கதான் நான் ஒரு மாசம் ராத்திரி ராத்திரி உக்காந்து படிச்சேன்.

தீட்டு நின்ன பொம்பளைக்கு ஓவரிலேர்ந்து ஈஸ்ட்ரோஜன் வராது, ஆனா கொழுப்புலயும் தசைலயும், ஏன் அந்த கட்டிக்குள்ளயே கூட, அரோமடேஸ்ங்கற என்சைம் வேற ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனா மாத்திக்கிட்டே இருக்கும். அனஸ்ட்ரோசோல் அந்த என்சைமை அடைக்குது. ஃபுல்வெஸ்ட்ரன்ட் பண்றது வேற, செல்லுக்குள்ள ஈஸ்ட்ரோஜன் போய் உக்கார்ற ரிசெப்டரையே புடிச்சு செதைச்சிடுது. அண்ணனுக்கு நான் சொன்ன மாதிரி சொன்னா, ஒண்ணு ஏரி மதகை மூடறது, இன்னொண்ணு நம்ம வயலுக்குள்ள தண்ணி நுழையற மடையையே தூத்து இல்லாம பண்ணிடறது. மதகுல கசிஞ்சு வர்ற கொஞ்சம் தண்ணி மடைல நுழையக்கூடாது, அவ்ளோதான் ஐடியா.

கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா ரெண்டு மருந்து சேர்த்தா ரெட்டிப்பு பலன்னு ஹார்மோன்ல கண்ணை மூடிட்டு சொல்ல முடியாது. ஏடாக்னு ஒரு பெரிய ஆய்வு, ஆரம்ப நிலைல இருந்த 9366 பேர், டமாக்ஸிஃபென்ங்கற பழைய ஹார்மோன் மாத்திரை மட்டும், அனஸ்ட்ரோசோல் மட்டும், ரெண்டும் சேர்த்துன்னு மூணு குரூப். 2002ல ரிசல்ட் வந்தா சேர்த்து சாப்பிட்டவங்க டமாக்ஸிஃபென் மட்டும் சாப்பிட்டவங்களை விட ஒண்ணும் ஒசத்தி இல்ல, அனஸ்ட்ரோசோல் தனியா சாப்பிட்டவங்கதான் முன்னாடி போனாங்க. அதுக்கு சொல்ற காரணம், டமாக்ஸிஃபென் ரிசெப்டர்ல உக்காந்துக்கிட்டு தானே கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் மாதிரி நடிக்கும், ரத்தத்துல நெஜ ஈஸ்ட்ரோஜன் கொறைஞ்சுட்டா அந்த நடிப்பே பெருசா போயிடும். ஃபுல்வெஸ்ட்ரன்ட்டுக்கு அந்த ரெட்டை வேஷம் கெடையாது, அதனாலதான் இந்த ஜோடியை பரிசோதிச்சாங்க.

பரிசோதிச்சதுல வந்த பதில்தான் குழப்பம். அமெரிக்கால எஸ்0226ன்னு ஒரு ட்ரையல், ரீட்டா மேத்தா தலைமைல, தீட்டு நின்ன, பரவின ஸ்டேஜ்ல இருக்கற 707 பேர். அனஸ்ட்ரோசோல் மட்டும் குரூப்ல நோய் அடங்கியிருந்த நடுமதிப்பு 13.5 மாசம், ஜோடி குரூப்ல 15 மாசம். இது 2012. ஒன்றரை மாசத்துக்கா இவ்ளோ ஊசின்னு தோணும், ஆனா 2019ல கடைசிக் கணக்கு போட்டப்ப ஆயுள்ல 42 மாசத்துக்கு எதிரா 49.8 மாசம். கிட்டத்தட்ட எட்டு மாசம். அதே 2012ல ஐரோப்பா பக்கம் ஃபேக்ட்னு ஒரு ட்ரையலும் வெளிவந்துச்சு, அதே ஜோடி, 514 பேர், வித்தியாசமே இல்ல, 10.2 மாசம், 10.8 மாசம்.

ஒரே மருந்து, ஒரே ஜோடி, ரெண்டு பதில். நான் முதல்ல யாரோ தப்பு பண்ணிட்டாங்கன்னு நெனச்சேன். அப்புறம் யார் யாரைச் சேர்த்தாங்கன்னு பாத்தா புரிஞ்சுது. ஃபேக்ட்ல இருந்தவங்க நோய் திரும்ப வந்தவங்க, அதுல மூணுல ரெண்டு பங்கு பேர் ஏற்கனவே டமாக்ஸிஃபென் மாதிரி மருந்து பாத்தவங்க. எஸ்0226ல பாதிக்கு மேல அந்த மாதிரி எதையும் தொடாதவங்க. அந்த ட்ரையலுக்குள்ளயே பிரிச்சுப் பாத்தா இன்னும் பளிச்சுன்னு தெரியுது, முன்னாடி ஹார்மோன் மருந்து சாப்பிடாதவங்களுக்கு ஆயுள் 40.3லேர்ந்து 52.2 மாசம், முன்னாடி சாப்பிட்டவங்களுக்கு 43.5லேர்ந்து 48.2, அந்த வித்தியாசம் கணக்குல நிக்கற அளவு இல்ல. அதாவது ஹார்மோன் மருந்தே பாக்காத கட்டிகிட்ட இந்த ஜோடி வேலை செய்யுது, பழகின கட்டிகிட்ட பெருசா இல்ல. பெரியம்மா வாழ்க்கைல ஒரு ஹார்மோன் மாத்திரை தொட்டதில்லைன்னு மேல சொன்னேனே, அதுக்குத்தான்.

டாக்டர்கிட்ட இதெல்லாம் ஒப்பிச்சேன், சிரிச்சிட்டு "சிஸ்டர், எனக்கும் அதே எண்ணம்தான், ஆனா அந்த ட்ரையல்ல ஜோடி சிகிச்சை சம்பந்தமா இருக்கலாம்னு மூணு இறப்பும் பதிவாயிருக்கு, அதையும் படிச்சீங்களா"ன்னாரு. படிச்சிருந்தேன், ஆனா பெரியம்மாகிட்ட சொல்லல. அவரே சொல்லிட்டாரு. இன்னொண்ணும் சொன்னாரு, எஸ்0226ல ஊசி முதல் டோஸுக்கு அப்புறம் 250 மி.கி.தான் போட்டாங்க, பின்னாடி வந்த கன்ஃபர்ம்ங்கற பேர்ல நடந்த ஆய்வுல 500 நல்லதுன்னு தெரிஞ்சதால 500தான் போடப்போறேன்னு. 2021 அக்டோபர் முதல் வாரம் ஆரம்பிச்சோம். முதல் நாள், பதினஞ்சாம் நாள், இருபத்தொம்பதாம் நாள், அப்புறம் 28 நாளுக்கு ஒரு தடவை. மாத்திரை தினமும் ஒண்ணு.

ஊசியைப் பத்தி கொஞ்சம் சொல்லணும், ஏன்னா முதல் டோஸ் தவிர மத்ததெல்லாம் நான் போட்டது. ஒரு டோஸ்னா ரெண்டு சிரிஞ்சு, ஒவ்வொண்ணுலயும் 5 மில்லி, புட்டத்துல ஒரு பக்கத்துக்கு ஒண்ணு. மருந்து கரைச்சிருக்கறது விளக்கெண்ணெய்ல, நெஜமாவே ஆமணக்கு எண்ணெய்தான். ஃபிரிட்ஜ்லேர்ந்து எடுத்த கையோட போட்டா பிஸ்டன் நகரவே நகராது, அதனால ரெண்டு சிரிஞ்சையும் உள்ளங்கைக்குள்ள வெச்சு பத்து நிமிஷம் உக்காந்திருப்பேன். மேல் வெளிப்பக்கமா பாத்துக் குத்தணும், உள்ள தள்ளினா சயாட்டிக் நரம்பு இருக்கு. குத்தினப்புறம் ஒரு பக்கத்துக்கு ஒன்றரை நிமிஷமாவது மெதுவா அழுத்தணும், கடிகாரத்தைப் பாத்தா கை தானா வேகமாயிடுது, அதனால பெரியம்மாவைப் பேச விட்டுடுவேன், அவங்க ஒரு மருமகளைத் திட்டி முடிக்கறதுக்கும் ஒரு பக்கம் முடியறதுக்கும் சரியா இருக்கும். விளக்கெண்ணெய்னு சொன்னன்னைக்கு "சின்னப்புள்ளைல வாய்ல ஊத்துனாங்க, கெழவி ஆனப்புறம் பின்னாடி ஊத்தறீங்க, எண்ணெய் ஒண்ணுதான்"ன்னாங்க.

மருந்து வாங்கறதுதான் பெரும்பாடு. 2லேர்ந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும். பெங்களூர்லேர்ந்து தெர்மாகோல் டப்பால ஐஸ் பேக் வெச்சு அண்ணனே கொண்டு வருவாரு, ஓசூர் தாண்டறதுக்குள்ள டிராஃபிக்ல ஐஸ் உருகிடுமோன்னு அவருக்கு உயிர் போய்ட்டு வரும். ஒரு தடவை லோக்கல்ல ஒரு கடைல வரவழைச்சோம், வாங்கப் போனா டப்பா மேஜை மேல வெயில்ல உக்காந்திருக்கு, தொட்டா வெதுவெதுன்னு இருக்கு. "ஒரு மணி நேரம்தாங்க மேடம் ஆச்சு, ஊசிதானே"ன்னாரு. திருப்பிக் குடுத்துட்டு வந்துட்டேன், அந்த மாசம் நாலு நாள் தள்ளித்தான் போட்டோம். வீட்ல எல்லாருக்கும் என் மேல கோவம்.

எலும்புக்கு தனியா ஜோலெட்ரானிக் ஆசிட், 4 மி.கி., 12 வாரத்துக்கு ஒரு தடவை டிரிப்ஸ்ல. அது போடறதுக்கு முன்னாடி பல்லு பாக்கணும், ஏன்னா அந்த மருந்து இருக்கறப்ப பல்லு புடுங்கினா தாடை எலும்பு ஆறாம அழுகிப்போற ஆபத்து உண்டு. பெரியம்மா பல்லு ஏற்கனவே காவி, ரெண்டு ஆட்டம் வேற. முதல்லயே ரெண்டையும் புடுங்கி, ஈறு ஆறினப்புறம்தான் டிரிப்ஸ். கால்சியம் கொறையாம பாத்துக்கச் சொன்னாங்க, களி சாப்பிடலாமான்னு கேட்டாங்க பெரியம்மா, தாராளமா, கேவுருல நூறு கிராமுக்கு 340 மி.கி.க்கு மேல கால்சியம் இருக்குன்னேன், அதுலேர்ந்து மாத்திரையை முழுங்காம களியைக் காட்டி ஏமாத்த ஆரம்பிச்சிட்டாங்க, அது வேற கதை.

மூணாவது மாசத்துலயே வலி விட்டுச்சு. பொங்கலுக்கு தானே கோலம் போட்டாங்க. மார்புக் கட்டி எலுமிச்சம்பழத்துலேர்ந்து நெல்லிக்கா ஆச்சு. பக்கவிளைவுன்னா காலைல எழுந்தா விரல் மூட்டு இறுக்கம், சாயந்திரம் திடீர்னு சூடு ஏறி வேர்க்கறது, ஊசி போட்ட எடத்துல ரெண்டு நாள் வலி. பெருசா ஒண்ணும் இல்ல.

ஆனா ரெண்டு தடவை பயந்துட்டோம். 2022 ஏப்ரல்ல ஆறு மாச ஸ்கேன், விலா எலும்புல புதுசா ரெண்டு எடம் கறுப்பா ஏறியிருக்கு. ரிப்போர்ட்ல நோய் முன்னேறியிருக்கலாம்னு போட்டுட்டாங்க. பேப்பரை மட்டும் பாத்திருந்தா மருந்தை மாத்தியிருப்பாங்க. டாக்டர் ஆளைப் பாத்தாரு, வலி இல்ல, கட்டி சுருங்கியிருக்கு, சிடில முன்னாடி அரிச்சிருந்த எடத்தைச் சுத்தி வெள்ளையா கரை கட்டியிருக்கு. எலும்பு ஆறறப்பவும் புது எலும்பு வேகமா கட்டும், அதுவும் ஸ்கேன்ல கறுப்பாத்தான் தெரியும், ஃப்ளேர்னு சொல்றாங்க. மூணு மாசம் பொறுத்து திரும்ப எடுத்தப்ப புதுசா எதுவும் இல்ல, அந்த ரெண்டும் மங்கியிருந்துச்சு. ப்ளோரைடு எலும்புக்காரங்களுக்கு போன் ஸ்கேனை மட்டும் நம்பி மருந்தை மாத்தவே கூடாதுங்கறது அன்னைக்கு என் நோட்டுல ரெண்டு கோடு போட்டு எழுதினது.

இன்னொரு தடவை ராத்திரி பதினோரு மணிக்கு அண்ணன் போன். சொந்தக்காரர் ஒருத்தர் சொன்னார்னு வேற ஒரு எடத்துல பேக்கேஜ் டெஸ்ட் எடுத்திருக்காங்க, அதுல ஈஸ்ட்ராடயால், அதாவது ரத்தத்துல இருக்கற முக்கியமான ஈஸ்ட்ரோஜன், எக்கச்சக்கமா வந்திருக்கு, "ஒரு வருஷமா போட்ட ஊசி எல்லாம் வேஸ்டு பாப்பா, ஹார்மோன் கொறையவே இல்ல"ன்னு அழுவறாரு. எனக்கும் அப்ப பதில் தெரியல, தூக்கம் போச்சு. காலைல டாக்டர்கிட்ட கேட்டா ஒரே வரி: ஃபுல்வெஸ்ட்ரன்ட்டோட உருவம் ஈஸ்ட்ராடயால் மாதிரியே இருக்கும், சாதாரண லேப்ல பண்ற இம்யூனோஅஸேங்கற டெஸ்ட் ஊசி மருந்தைப் பாத்து ஈஸ்ட்ராடயால்னு நெனச்சிக்கும். அந்த எச்சரிக்கை மருந்து டப்பாவுக்குள்ள இருக்கற பேப்பர்லயே போட்ருக்கு, ஒரு வருஷமா நான் டப்பாவைப் பிரிச்சு அதைத் தூக்கிப் போட்டுக்கிட்டே இருந்திருக்கேன். ஊசி வேலை செய்யலைன்னு அண்ணன் நெனச்ச ரிப்போர்ட்டு, ஊசி ரத்தத்துல இருக்குன்னுதான் சொல்லியிருக்கு.

இப்படியே 2023 டிசம்பர் வரைக்கும் ஓடுச்சு. மொத்தம் 26 மாசம். அந்த மாச ஸ்கேன்ல கல்லீரல்ல 1.8 செ.மீ. ஒண்ணு. பயாப்சி எடுத்தோம், ஈஆர் 70 சதவீதம், பிஆர் சுத்தமா போயிடுச்சு, ஹெர்2 அதே ஒன் ப்ளஸ்.

26 மாசம்னதும் எங்க நர்சிங் ஹோம்ல கூட வேலை செய்றவங்க, ட்ரையல்ல 15 மாசம்தானே, உங்க பெரியம்மாவுக்கு அதை விட எவ்ளோ ஜாஸ்தி, ஜோடி மருந்து சூப்பர்னாங்க. நான் அப்படி சொல்ல மாட்டேன். முதல்ல 15ங்கறது நடுமதிப்பு, பாதிப் பேர் அதுக்கு மேலதான் போவாங்க. ரெண்டாவது, எலும்புல மட்டும் பரவினவங்க பொதுவாவே மெதுவா போறவங்க. மூணாவதுதான் என்னை இன்னும் அரிச்சிக்கிட்டே இருக்கு. ஃபால்கன்னு ஒரு ட்ரையல், 462 பேர், எல்லாரும் பெரியம்மா மாதிரி ஹார்மோன் மருந்தே தொடாதவங்க, அதுல ஃபுல்வெஸ்ட்ரன்ட் 500 மட்டும் ஒரு பக்கம், அனஸ்ட்ரோசோல் மட்டும் ஒரு பக்கம். மொத்தத்துல 16.6க்கு 13.8 மாசம். ஆனா உள்ளுறுப்புல பரவாதவங்களை மட்டும் எடுத்தா 22.3க்கு 13.8. தனி ஊசி, மாத்திரை இல்லாம, 22.3 மாசம்!

அப்ப பெரியம்மாவுக்கு 26 மாசம் குடுத்தது ஜோடியா, இல்ல ஊசி மட்டுமேவா? எஸ்0226ல ஜோடியை அனஸ்ட்ரோசோலோட மட்டும்தான் மோத விட்டாங்க, ஊசி மட்டும்னு மூணாவது குரூப் கெடையாது. ஜெயிச்சது ஜோடிங்கறதாலயா, ஜோடில ஊசி இருந்ததாலயான்னு அந்த ட்ரையலை வெச்சு சொல்ல முடியாது. ஊசியையும் ஜோடியையும் நேரா மோத விட்ட சோஃபியான்னு ஒரு ட்ரையல் இருக்கு, 723 பேர், 2013, ஜோடிக்கு 4.4 மாசம், ஊசி மட்டும் 4.8, ஒண்ணும் வித்தியாசம் இல்ல, ஆனா அவங்க எல்லாம் அனஸ்ட்ரோசோல் வகை மாத்திரை ஏற்கனவே தோத்துப்போனவங்க, அதை வெச்சு பெரியம்மாவுக்கு கணக்கு போட முடியாது. டாக்டர்கிட்ட இதைக் கேட்டப்ப, "அந்த மாத்திரை ஊசியை விட எவ்ளோ மலிவு, மூட்டுவலியைத் தவிர பெருசா என்ன எடுத்துச்சு, விடுங்க சிஸ்டர்"னாரு. காசு கணக்குல அவர் சொல்றது சரி. தெனமும் காலைல மூட முடியாத விரலை வெந்நில முக்கிக்கிட்டு உக்காந்திருந்தது அவர் இல்ல.

அடுத்த ரவுண்டுக்கு நல்லவேளை ஒண்ணு நடந்திருந்துச்சு. பால்போசிக்ளிப் பேடண்ட் 2023 ஜனவரில முடிஞ்சு நம்ம கம்பெனிகளே போட ஆரம்பிச்சிட்டாங்க, வெலை எறங்கிடுச்சு, 2021ல டீக்கடைக்கு எழுந்து போன அண்ணன் இந்த தடவை உக்காந்த எடத்துலயே சரின்னாரு. ஊசியை நிறுத்திட்டு பால்போசிக்ளிப் 125, 21 நாள் சாப்பிட்டு 7 நாள் லீவு, கூட எக்ஸெமெஸ்டேன், அதுவும் அரோமடேஸ் மாத்திரைதான் ஆனா ஸ்டீராய்டு வகை. இதுல ரத்த அணு எறங்கும், அது தெரிஞ்ச விஷயம், முதல் சுத்துல பதினஞ்சாம் நாள் நியூட்ரோஃபில்ங்கற வெள்ளணு 900க்கு எறங்கிடுச்சு, காய்ச்சல் இல்ல, அந்த சுத்தை முடிச்சு 22ம் நாள் திரும்பப் பாத்தோம், ஏறியிருந்துச்சு. நடுவுல ஒரு எடத்துல உடனே அட்மிட் பண்ணி வெள்ளணு ஏத்தற ஊசி போடணும்னு பயமுறுத்தினாங்க, வேணாம்னுட்டோம். 2025 மார்ச் ஸ்கேன்ல கல்லீரல்ல இருந்தது 1.1 செ.மீ., எலும்பு அப்படியே.

ஊசி நின்னதுல பெரியம்மாவுக்கு ஒரே ஒரு கொறை, 28 நாளுக்கு ஒரு தடவை நான் ஊருக்கு வந்துட்டிருந்தது நின்னு போச்சுன்னு. இப்ப ஒவ்வொரு சுத்து ஆரம்பிக்கறதுக்கு முந்தின நாளும் ரத்தம் எடுக்க நான்தான் போறேன், லேப் பையனே வந்து எடுத்துப்பான், ஆனா போறேன். போன வாரம் போனப்ப திண்ணைல உக்காந்து புளி தட்டிக்கிட்டிருந்தாங்க, கைய நீட்டச் சொன்னா "இரு, இந்த கூடை முடியட்டும்"ன்னாங்க. முடியற வரைக்கும் நானும் உக்காந்து கொட்டை எடுத்தேன். அப்புறம்தான் ரத்தம் எடுத்தேன், டியூப் மேலயெல்லாம் புளி ஒட்டி லேபிள் நிக்கவே இல்ல.